கலைக்கப்பட்ட ரெஜிமென்ட் எப்படித் திரும்பி வரும்? ஸ்வீடனின் டாலர்னா படைப்பிரிவின் 400 ஆண்டுகள்

2024 மார்ச் 7ஆம் தேதி ஸ்வீடன் நேட்டோவில் சேர்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அந்நாட்டிலிருந்து ஒரே மாதிரியான செய்திகள் வந்துகொண்டிருந்தன: கலைக்கப்பட்ட பழைய ரெஜிமென்ட்டுகள் மறுபடி அமைக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று, ஃபாலூன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டாலர்னா ரெஜிமென்ட். அது 2000இல் கலைக்கப்பட்டு 2021இல் திரும்பியது. ஆனால் அதன் பிறந்த ஆண்டைக் கேட்டால் 1617 என்கிறார்கள். அதே ரெஜிமென்ட் 1709இல் உக்ரைன் மண்ணில் முற்றாக அழிந்தது என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

அழிந்தது, கலைக்கப்பட்டது, 21 ஆண்டுகள் இல்லாமலே இருந்தது, ஆனாலும் 400 வயது. வாசகர்கள் குழம்பியதில் வியப்பில்லை. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு ‘ரெஜிமென்ட்’ என்ற பெயரின் கீழ் இருந்த பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதுதான் இதற்கு விடை. பெயர் ஒன்று, அது சுட்டியது மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளை. ஒவ்வொன்றும் எப்படி உருவாகி எப்படி முடிந்தது என்று பார்த்தால்தான், 2000இல் கலைத்தது எதை, 2021இல் திரும்பியது எது என்பது புரியும்.

முதலில் சில அடிப்படைகள்

1. டாலர்னா என்பது ஸ்வீடனின் நடுப்பகுதியில் இருக்கும் பழைய மாகாணம். ஃபாலூன், மோரா, லெக்சான்ட், ரெட்விக் ஆகிய ஊர்கள் இங்கே உள்ளன. மேற்கில் நார்வே எல்லை. ஸ்வீடனின் போர்ச் செலவுகளுக்குப் பெரும்பணம் தந்த ஃபாலூன் செப்புச் சுரங்கமும் இங்கேதான். அரசர்களோடு முட்டி மோதிய நீண்ட பழக்கமும் இந்த மாகாணத்துக்கு உண்டு. டேனிய ஆட்சிக்கு எதிராகக் குஸ்தாவ் வாசா 1520களின் தொடக்கத்தில் நடத்திய கிளர்ச்சிக்கு ஆள் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அவர் அரசரான பின்பு அவருக்கே எதிராகக் கிளம்பியவர்களும் இவர்களேதான்.

2. ஸ்வீடனில் காலாட்படை ரெஜிமென்ட்டுகள் மாகாணப் பெயரால் அழைக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்களும் வந்தன. டாலர்னாவுக்குக் கிடைத்தது 13. காலாட்படையைக் குறிக்கும் ‘ஐ’ என்ற எழுத்தும் சேர்ந்து ‘ஐ 13’ ஆனது. இன்றைய செய்திகளிலும் இந்தக் குறியீட்டைக் காணலாம்.

3. 20ஆம் நூற்றாண்டு ஸ்வீடனில் ரெஜிமென்ட் போருக்குப் போகும் படை அன்று. அது ஆட்களைப் பயிற்றுவிக்கும் நிலையம். போர் வந்தால் களம் இறங்குவது அங்கே பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு திரட்டப்படும் பிரிகேடுகளும் பட்டாலியன்களும். கலைப்புச் செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

1617: ஒரு தாய், மூன்று பிள்ளைகள்

16ஆம் நூற்றாண்டிலேயே டாலர்னாவிலிருந்து காலாட்படைக் கம்பெனிகள் திரட்டப்பட்டன. நிலையான ரெஜிமென்ட் என்ற அமைப்பு அப்போது இல்லை. அரசர் குஸ்தாவ் அடால்ஃப் 1617 வாக்கில் இந்தச் சிதறிய கம்பெனிகளை வட்டார வாரியாகச் சேர்த்துப் ‘பெரும் ரெஜிமென்ட்’ என்ற அமைப்பை உருவாக்கினார். உப்லாந்து, வெஸ்ட்மன்லாந்து, டாலர்னா ஆகிய மாகாணங்களின் கம்பெனிகள் ஒரே பெரும் ரெஜிமென்ட்டுக்குள் வந்தன. 1620களில் அது மூன்றாகப் பிரிந்தது. அப்படிப் பிரிந்ததில் ஒன்றுதான் டாலர்னா ரெஜிமென்ட். 1634ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் நாட்டின் காலாட்படை ரெஜிமென்ட்டுகளைப் பட்டியலிட்டபோது இதன் பெயரும் அதில் இடம்பெற்றது.

அந்த மூன்றின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெஸ்ட்மன்லாந்து 1925ஆம் ஆண்டின் பாதுகாப்பு முடிவால் 1927இல் மறைந்தது. உப்லாந்து 1957இல் காலாட்படையாக இருப்பதை நிறுத்தியது. பெயர் மட்டும் தகவல்தொடர்புப் படைப்பிரிவு ஒன்றுக்குப் போனது. கடைசிவரை காலாட்படையாகவே நின்றது டாலர்னாதான்.

ஆள்பிடிப்பிலிருந்து ஒப்பந்தத்துக்கு

ரெஜிமென்ட்டை அமைப்பது எளிது. அதை ஆட்களால் நிரப்புவதுதான் கடினம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் கையாண்ட வழி கட்டாய ஆள்பிடிப்பு. ஊரில் தகுதியுள்ள ஆண்களை வரிசைப்படுத்தி, பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் இழுத்துப் போவார்கள். போலந்திலும் ஜெர்மனியிலும் நடந்த போர்களுக்கு இப்படிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதைக் காட்டும் ஒரு புள்ளிவிவரம் ஸ்வீடன் வரலாற்றில் அடிக்கடி எடுத்தாளப்படும். அது டாலர்னாவைப் பற்றியதல்ல. வடக்கே வெஸ்டர்பொத்தன் மாகாணத்தின் பிக்டியோ என்ற திருச்சபை வட்டாரத்தைப் பற்றியது. 1621 முதல் 1639 வரை அங்கிருந்து பிடிக்கப்பட்டவர்கள் 230 பேர். இறந்தவர்கள் 215 பேர். பலரும் எதிரியின் வாளால் சாகவில்லை. முகாம்களில் பரவிய நோய்களுக்குப் பலியானார்கள்.

ஆள்பிடிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே குடியானவர்கள் காட்டுக்கு ஓடியதற்கு இதுதான் காரணம். அரசுக்கும் இது தலைவலி: எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, வருபவர்களுக்குப் பயிற்சியும் இராது. ஆகவே மாகாணங்களே பேரம் பேசின. ‘இத்தனை வீரர்களை எப்போதும் நாங்களே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம், எங்கள் பிள்ளைகளைப் பிடித்துப் போகாதீர்கள்.’ இந்த வகை ஒப்பந்தத்துக்கு முன்வந்த மாகாணங்களில் டாலர்னா மிக முந்தியது.

இதை நாடு முழுவதற்குமான முறையாக்கியவர் அரசர் பதினோராம் கார்ல். 1675 முதல் 1679 வரை டென்மார்க்குடன் நடந்த ஸ்கோனே போரில் படையின் ஓட்டை உடைசல் எல்லாம் அவருக்குத் தெரிந்துபோனது. 1680இல் பிரபுக்களிடம் போயிருந்த அரசு நிலங்களைத் திரும்பப் பிடுங்கினார். 1682 முதல் புதிய முறையை மாகாணம் மாகாணமாக அமல்படுத்தினார். இதை ‘நில ஒதுக்கீட்டுப் படைமுறை’ எனலாம். அது இயங்கிய விதம்:

1. இரண்டு முதல் நான்கு பண்ணைகள் வரை சேர்ந்து ஒரு குழு. இதன் பெயர் ரூத்தே. ஒரு ரூத்தே ஒரு வீரனைக் கொடுத்துப் பராமரிக்க வேண்டும்.

2. வீரனுக்கு ஒரு சிறு வீடு, கொஞ்சம் நிலம், ஆண்டுக் கூலி. அமைதிக் காலத்தில் அவன் உழுது பிழைப்பான். இதன் விவரங்கள் மாகாணத்துக்கு மாகாணம் மாறும்.

3. அதிகாரிகளுக்குப் பணச் சம்பளத்துக்குப் பதிலாக அரசுப் பண்ணைகள். பிரபுக்களிடமிருந்து மீட்ட நிலம் இங்கேதான் பயன்பட்டது.

4. வீரன் செத்தாலோ ஓய்வு பெற்றாலோ, ரூத்தே குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்தவனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

டாலர்னாவின் பங்கு 1200 வீரர்கள். 150 பேர் கொண்ட 8 கம்பெனிகள். அதாவது மாகாணம் முழுவதும் 1200 ரூத்தேக்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வழிபாடு முடிந்ததும் அந்த வட்டாரத்து வீரர்கள் அங்கேயே கூடி அணிவகுத்துப் பழகுவார்கள். எதிர்த்த வீட்டுக்காரன் இங்கே பக்கத்து வரிசையில் நிற்பான். களத்திலும் அவனே பக்கத்தில் நிற்பான். தப்பி ஓடி ஊருக்குத் திரும்பினால் எந்த முகத்தோடு நிற்பது என்ற கேள்வி, தளபதியின் கட்டளையைவிட வலுவாகவே வேலை செய்திருக்கும்.

ஒரே கம்பெனியில் பத்து ஆண்டர்சன்கள் இருந்தால் வருகைப் பட்டியல் வாசிக்க முடியாது. ஆகவே சேரும்போதே படைப்பெயர் ஒன்று தருவார்கள்: ‘துணிந்தவன்’, ‘வலியவன்’, ‘வாள்’, ‘குத்துவாள்’ என்ற பொருள்களில் ஓரசை, ஈரசைப் பெயர்கள். முதியவன் போய்ப் புதியவன் வந்தால் பல இடங்களில் அதே பெயர் அவனுக்கும் ஒட்டிக்கொள்ளும், ரூத்தேயின் எண்ணைப் போலவே. இன்று ஸ்வீடனில் குடும்பப் பெயர்களாக உள்ள ராஸ்க், மூடிக், ஸ்டார்க் போன்றவற்றில் பல இப்படி வந்தவை. ஒவ்வொரு வீரனின் பெயர், வயது, ரூத்தே எண், உடல்நிலை எல்லாம் பதிவான ஆய்வுப் பட்டியல்கள் ஸ்டாக்ஹோமின் போர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போகும் ஸ்வீடன்காரர்கள் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

இந்த ஏற்பாட்டின் கடுமையான முகத்தையும் சொல்லாமல் விட முடியாது. அந்த வீடும் நிலமும் வீரனுக்குச் சொந்தமல்ல, பதவிக்குச் சொந்தம். அவன் போரில் மடிந்தால் மனைவியும் பிள்ளைகளும் அடுத்தவனுக்காக வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக்கிடமில்லாத விதவைகள் புதிதாக வந்த வீரனையே மணந்துகொண்டது பல ஊர்களில் சாதாரணமாக நடந்த ஒன்று.

மேலே சொன்ன நான்காவது விதிதான் டாலர்னா ரெஜிமென்ட்டின் பிறவி இரகசியம். அடுத்து நடந்ததைப் பார்த்தால் அது விளங்கும்.

1709: அழிந்த படை, அழியாத ரூத்தே

18ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் இந்த ரெஜிமென்ட்டுக்கு நல்ல காலம். 1700இல் மாக்னுஸ் ஸ்டென்பொக் இதன் கர்னலானார். அரசர் பன்னிரண்டாம் கார்லின் படையில் 1701இல் டூனா ஆற்றைக் கடந்தது, 1702இல் கிளிஷோ போர், 1708இல் ஹொலொவ்சின் போர் என்று வெற்றிகள் தொடர்ந்தன. பிறகு, இன்றைய உக்ரைனில் ரஷ்யர்களோடு நடந்த பொல்டாவா போர் வந்தது.

1709 ஜூன் இறுதி. இன்றைய நாட்காட்டிப்படி ஜூலை 8. காலில் குண்டு பட்டிருந்த அரசரைத் தூக்குப் படுக்கையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ரஷ்யர்கள் முகாமுக்கு முன்னால் 10 மண் அரண்களை எழுப்பியிருந்தார்கள்: குறுக்கே 6, அவற்றிலிருந்து ஸ்வீடன் படையை நோக்கி நீண்ட வரிசையில் 4. விடிவதற்குள் இந்த அரண்களுக்கு இடையே விரைந்து புகுந்து அப்பால் போய்விட வேண்டும் என்பது திட்டம். நின்று சண்டையிடுவது திட்டத்தில் இல்லை.

ஆனால் இருட்டிலேயே தாமதம் ஏற்பட்டது. முன்வரிசை அரண்களில் முதல் இரண்டும் கட்டி முடிக்கப்படாதவை, அவற்றைப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவதில் சிக்கினார்கள். மேஜர் ஜெனரல் ரூஸ் தலைமையில் அதைத் தாக்கிய 6 பட்டாலியன்களில், சுமார் 2600 பேரில், டாலர்னா ரெஜிமென்ட்டும் இருந்தது. மண் மதிலில் ஏறுவதற்கு அவர்களிடம் ஏணிகள் இல்லை. அகழியில் நெருக்கியடித்து நின்றவர்கள்மேல் மேலிருந்து சுட்டார்கள். மறுபடி மறுபடி பாய்ந்தார்கள், பலிக்கவில்லை. டாலர்னாவின் கர்னல் ஃபொன் சீக்ரொத் படுகாயமுற்று இறந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், மற்ற படை அரண்களைத் தாண்டி முன்னேறிவிட்ட செய்தி ரூஸுக்குத் தெரியவேயில்லை. கடக்க வேண்டிய இடத்தில் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தார். எஞ்சியவர்களோடு காட்டுக்குள் ஒதுங்கினார், துரத்தப்பட்டார், கடைசியில் சரணடைந்தார். முக்கியப் போர் தொடங்கும் முன்பே அரசரின் காலாட்படையில் பெரும் பகுதி இப்படிக் காணாமல் போயிருந்தது. சில நாட்களில் தினீப்பர் கரையில் பெரெவொலொச்னாவில் மிச்சப் படையும் சரணடைந்தது. பிடிபட்டவர்களை ரஷ்யா மாஸ்கோ வீதிகளில் ஊர்வலமாக நடத்தியது. பலருக்கு 1721 சமாதானம் வரை ஊர் திரும்பும் பேச்சே இல்லை.

படை என்ற பொருளில் டாலர்னா ரெஜிமென்ட் அந்த வாரத்தோடு முடிந்தது. ஆனால் டாலர்னாவில் 1200 ரூத்தேக்கள் அப்படியே இருந்தன. விதி விதிதான்: இடம் காலியானால் அடுத்தவனைக் கொடு. சொற்ப காலத்தில் புதிய ரெஜிமென்ட் நின்றது. 1712 டிசம்பரில் வட ஜெர்மனியின் காதெபுஷ்சில், முன்னாள் கர்னல் ஸ்டென்பொக்கின் தலைமையிலேயே டேனிய, சாக்சனியப் படைகளை அது தோற்கடித்தது. ஐந்தே மாதத்தில், 1713 மே மாதம், அதே ஸ்டென்பொக் டோனிங் கோட்டையருகே சூழப்பட்டுச் சரணடைந்தார். நான்கு ஆண்டுகளில் இரண்டாம் முறையாக ரெஜிமென்ட் சிறைக்குப் போனது. டாலர்னா மறுபடி ஆள் திரட்டியது.

ஆக 1709க்கு முன்பும் பின்பும் இருந்தது ஒரே ரெஜிமென்ட்டா என்ற கேள்விக்கு, களத்தில் நின்ற மனிதர்களைப் பார்த்து விடை சொல்லக் கூடாது. அந்தக் காலத்தில் ரெஜிமென்ட் என்பது மாகாணத்துக்கும் அரசருக்கும் இடையிலிருந்த ஓர் ஒப்பந்தம். அது தொடர்ந்ததால் ரெஜிமென்ட்டும் தொடர்ந்தது. ஊர்கள் இதற்குக் கொடுத்த விலையை யாரும் கொண்டாட வேண்டியதில்லை. பட்டியலில் ‘காலி இடம் நிரப்பப்பட்டது’ என்று நாம் படிக்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் காலி செய்யப்பட்ட ஒரு வீடு இருக்கிறது.

1743: ஊர்ப்படையின் மறுமுனை

ஊரிலிருந்து எழுந்த படைக்கு இன்னொரு குணமும் உண்டு: ஊரின் கோபம் படையின் கோபமாகிவிடும். 1741இல் ஸ்வீடன் ரஷ்யாமீது போர் தொடுத்துப் படுதோல்வி கண்டது. ஃபின்லாந்தில் படை சண்டையைவிட நோயாலேயே கரைந்தது. 1742இல் ஹெல்சிங்கியில் சரணடைந்தது. தோல்விக்குக் காரணமான தளபதிகளைத் தண்டி, அரியணைக்கு வாரிசைத் தேர்வதில் எங்கள் பேச்சையும் கேள், நார்வேயுடனான எல்லை வணிகத்துக்குத் தடை போடாதே என்ற கோரிக்கைகளோடு 1743 ஜூனில் டாலர்னா மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தலைநகரை நோக்கி நடந்தார்கள். அவர்களில் டாலர்னா ரெஜிமென்ட் வீரர்களும் இருந்தார்கள். ஸ்டாக்ஹோமுக்குள்ளேயே புகுந்துவிட்ட கூட்டத்தை ஜூன் 22ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடத்திக் கலைத்தார்கள். தலைவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ‘பெரிய டாலர்னா நடனம்’ என்று கிண்டலாகப் பெயர் வைத்து அதை இன்றும் ஸ்வீடன் நினைவில் வைத்திருக்கிறது.

ரெஜிமென்ட்டை அரசு இதற்காகக் கலைக்கவில்லை. கலைத்தால் மாகாணத்தோடு செய்த ஒப்பந்தத்தையே கலைக்க வேண்டியிருக்கும். 1790இல் ரஷ்யாவோடு நடந்த இன்னொரு போரில், வல்கேலா என்ற இடத்தில், இதே ரெஜிமென்ட் தன் கொடியில் எழுதிக்கொள்ளும்படியான வெற்றியைப் பெற்றது. 1814 நார்வே படையெடுப்போடு ஸ்வீடனின் போர்க்காலமே முடிந்தது.

1901: யாரும் கவனிக்காத கலைப்பு

என் கணிப்பில், டாலர்னா ரெஜிமென்ட் உண்மையாகக் கலைக்கப்பட்ட முதல் ஆண்டு 2000 அன்று, 1901தான். கொடி இறங்கவில்லை, பெயர் மாறவில்லை. அதனால் அதை யாரும் கலைப்பு என்று சொல்வதில்லை.

அந்த ஆண்டு நாடாளுமன்றம் நில ஒதுக்கீட்டு முறையை நிறுத்தி, எல்லா ஆண்களுக்குமான கட்டாய இராணுவ சேவையைப் படையின் அடித்தளமாக்கியது. 1812 முதலே இளைஞர்களுக்குக் கட்டாயப் பயிற்சி ஓரளவு இருந்தது. ஆனால் அது பெயரளவுக்கு, சில நாட்கள். இப்போது காலாட்படைக்கு 240 நாள் பயிற்சி என்றானது. ரூத்தேயின் கடமை முடிந்தது. ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்த வீரர்களை மட்டும் ஓய்வு வரை விட்டுவைத்தார்கள். நாட்டின் கடைசி ஒதுக்கீட்டு வீரர் பணியிலிருந்து விடைபெற்றது 1964இல் என்றால் அந்த முறையின் ஆயுளைப் பாருங்கள்.

240 நாள் பயிற்சி என்றால் ஆண்டு முழுக்கத் தங்க இடம் வேண்டும். அதுவரை ரெஜிமென்ட்டுக்குக் கட்டடம் என்று பெரிதாக ஏதுமில்லை. ஆண்டுக்கொரு முறை ரொம்மேஹெட் என்ற திறந்தவெளியில் கூடிப் பயிற்சி செய்துவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். 1908 வாக்கில் ஃபாலூனில் புதிய பாசறைகள் எழுந்து, ரெஜிமென்ட் அங்கே குடியேறியது. இந்த நகர்வோடு மாகாணமெங்கும் 1200 புள்ளிகளாக விரிந்து கிடந்த ஒன்று ஒரு நகரத்துக்குள், சில கட்டடங்களுக்குள் சுருங்கியது. மூடிவிடக்கூடிய ஒன்றாக ரெஜிமென்ட் ஆனதும் அப்போதுதான்.

பனிப்போர்க் காலத்தைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபாலூனில் ஆண்டுதோறும் இளைஞர்கள் வந்தார்கள், பயின்றார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவர்களை வைத்து, கடும்பனியில் போரிடத் தயாரான டாலர்னா பிரிகேட் காகிதத்தில் இருந்தது. அழைப்பு வந்தால் எந்த ஊர்க்காரன் எந்தக் கிடங்குக்குப் போய் எந்தத் துப்பாக்கியை எடுப்பது என்பதுவரை எழுதி வைத்திருந்தார்கள். காடுகளுக்குள் சிவப்புச் சாயம் பூசிய சாதாரணக் கொட்டகை போல நின்ற கிடங்குகளில் ஆயுதங்கள் இருந்தன. இப்படி நாடு முழுவதும் சேர்த்தால் சுமார் 8,00,000 பேரை ஸ்வீடனால் திரட்ட முடியும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

2000: ஏன் மூடினார்கள்?

2000 மார்ச்சில் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. ஜூன் 30ஆம் தேதி டாலர்னா ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. வெர்ம்லாந்து ரெஜிமென்ட், வெஸ்டர்நார்லாந்து ரெஜிமென்ட் என்று மேலும் பல அதே முடிவில் மறைந்தன. காரணங்களை இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. சோவியத் ஒன்றியம் 1991இல் இல்லாமல் போனது. அதன் படையெடுப்பை எதிர்கொள்ளவே கட்டப்பட்டது ஸ்வீடனின் முழு அமைப்பும். எதிரி போனபின் எதற்கு இத்தனை பெரிய படை என்ற கேள்விக்கு அரசிடம் விடை இல்லை.

2. படையின் வேலை மாறியது. சொந்த மண்ணைக் காக்கும் பெருந்திரளுக்குப் பதிலாக, பால்கன் பகுதி போன்ற வெளி இடங்களுக்கு அனுப்பக்கூடிய சிறிய, நவீனப் படை போதும் என்றார்கள்.

3. பணம். பல தலைமுறைக் கட்டடங்களையும் கிடங்குகளையும் வைத்துப் பராமரித்தால் புதிய ஆயுதம் வாங்கக் காசு இருக்காது.

4. மூன்றாவது அடிப்படையில் சொன்னதுபோல, ரெஜிமென்ட் பயிற்சி நிலையமாகிவிட்டிருந்தது. பயிற்சிக்கு எடுக்கும் இளைஞர்கள் குறைந்தால் நிலையங்களும் குறையும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லையென்றால் பூட்டுவதைப் போலத்தான்.

முதல் மூன்றும் எல்லோரும் சொல்வது. நான்காவதுதான் இதை இத்தனை எளிதாக்கியது என்பேன். 1743இல் கலகம் செய்த ரெஜிமென்ட்டைக்கூட அரசால் கலைக்க முடியவில்லை. 2000இல் ஒரு வாக்கெடுப்பு போதுமானதாக இருந்தது.

கைவிடப்பட்ட பாசறைகளைச் சீரமைத்து விற்க ஸ்வீடன் அரசு 1997இலேயே வசாலென் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. பழைய முகாம்கள் நாடெங்கும் அலுவலகங்களாகவும் பள்ளிகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. கிடங்குகள் காலியாயின. உபகரணங்களில் ஒரு பங்கு எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா நாடுகளுக்கு அன்பளிப்பாகப் போனது. 2010இல் கட்டாய இராணுவ சேவையும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஃபாலூனில் எஞ்சியது ஊர்க்காவல் படையின் பயிற்சிக் குழு. இந்தத் தன்னார்வப் படை 1940இல் தொடங்கப்பட்டது. டாலர்னாவின் பெயரோடு இயங்கிய அந்தச் சிறு குழுவிடம் ரெஜிமென்ட்டின் மரபும் ஒப்படைக்கப்பட்டது. ஸ்வீடன் இராணுவத்தில் இதற்கு ஒழுங்கான நடைமுறை உண்டு. ஒரு படைப்பிரிவு மறைந்தால் அதன் கொடி, சின்னம், அணிவகுப்பு இசை ஆகியவற்றை இன்னொரு பிரிவு பொறுப்பேற்கும். டாலர்னாவின் சின்னம், மாகாணத்தின் முத்திரையில் இருப்பதுபோலக் குறுக்காக வைத்த இரண்டு அம்புகள்.

2021: திரும்பியது எது?

2014இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டதும் ஸ்வீடனின் கணக்கு தலைகீழானது. கட்டாய சேவையை மீண்டும் தொடங்க 2017இல் முடிவெடுத்தார்கள். 2005இல் கலைத்த கோட்லாந்து ரெஜிமென்ட் 2018 ஜனவரியில் திரும்பியது. 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் ஏற்ற பாதுகாப்பு முடிவு 2021 முதல் 2025 வரையிலான காலத்துக்குப் பாதுகாப்புச் செலவைச் சுமார் 40 விழுக்காடு கூட்டியது. போர்க்கால ஆள்பலத்தை 60,000லிருந்து 90,000 ஆக்குவது, ஆண்டுக்கு 8000 பேருக்குக் கட்டாயப் பயிற்சி தருவது ஆகியவை அப்போதைய இலக்குகள். இத்தனை பேரைப் பயிற்றுவிக்க இருக்கிற இடங்கள் போதா. எனவே ஃபாலூன், சொல்லெஃப்டியோ, அர்விட்ஸ்யோர், கிறிஸ்டினெஹம்ன், கோதன்பர்க் ஆகிய இடங்களில் படைப்பிரிவுகள் மறுபடி நிறுவப்பட்டன. ஐ 13 என்ற எண் 2021இல் உயிர்பெற்றது இப்படித்தான்.

இதுவரை பார்த்த மூன்று ஏற்பாடுகளையும் இப்போது தனித்தனியே சரிபார்க்கலாம்.

1. மாகாண ஒப்பந்தமாக இருந்த ரெஜிமென்ட் (1901 வரை): திரும்பவில்லை. இன்று ஃபாலூனில் பயிலும் இளைஞரோ இளம்பெண்ணோ டாலர்னாக்காரராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கட்டாய சேவை 2017 முடிவிலிருந்து இருபாலருக்கும் பொது.

2. பயிற்சி நிலையமாக இருந்த ரெஜிமென்ட் (2000 வரை): திரும்பியிருக்கிறது, ஆனால் ஏறக்குறைய வெறுங்கையோடு. அதிகாரிகளையும் பயிற்றுநர்களையும் வேறு பிரிவுகளிலிருந்து கொண்டுவர வேண்டும்; பயிற்சி பெறுவோர் எண்ணிக்கையைப் படிப்படியாகத்தான் உயர்த்த முடியும். 2000இல் 40 வயதிலிருந்த பயிற்றுநர் இன்று ஓய்வுபெற்றவர்.

3. பெயர், எண், கொடி, போர்ப் பெருமைகள்: முழுமையாகத் திரும்பின. ஊர்க்காவல் குழு காத்து வைத்திருந்ததை நேராகப் புதிய ரெஜிமென்ட் ஏற்றுக்கொண்டது. 1617 என்ற தொடக்க ஆண்டும் இந்த வழியாகத்தான் இன்றைய செய்திகளுக்குள் வருகிறது.

மூன்றாவது மட்டும் உடனே கிடைத்தது, செலவும் குறைவு என்பதால் அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. புதிதாக ஓர் எண்ணைக் கொடுத்து முகாம் திறந்திருந்தால் ஃபாலூன் நகரசபைக்கும் சுற்றியுள்ள நில உடைமையாளர்களுக்கும் அது தலைநகரிலிருந்து வந்த இன்னோர் அரசு அலுவலகம். ‘எங்கள் ரெஜிமென்ட்’ என்றால் பேச்சே வேறு. துப்பாக்கிச் சுடும் களத்துக்கு இடம் கேட்கும்போதும், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும்போதும் அந்தப் பெயர் வேலை செய்கிறது.

அதே சமயம், ‘மீண்டும் நிறுவப்பட்டது’ என்ற தலைப்பை வைத்துப் படைபலத்தை அளக்க முடியாது. இனி இந்த ரெஜிமென்ட்டைப் பற்றியோ சொல்லெஃப்டியோ, அர்விட்ஸ்யோர் பற்றியோ செய்தி வந்தால் பார்க்க வேண்டியவை இரண்டு. அந்த ஆண்டு எத்தனை பேர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அங்கே பயின்றவர்களைக் கொண்டு முழு ஆயுதங்களோடு எத்தனை போர்க்கால பட்டாலியன்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. வெர்ம்லாந்து, எல்வ்ஸ்போர்ய், ஹெல்சிங்கே போன்ற பழைய காலாட்படை ரெஜிமென்ட்டுகள் 2020 முடிவின் பட்டியலில் இல்லை. அவற்றின் கொடிகள் இன்னமும் ஊர்க்காவல் குழுக்களின் பொறுப்பில்தான் இருக்கின்றன.